வெப்.எக்ஸ்எம்எல்-இல் எழுதிய பாராமீட்டர் நல் ஆக வந்தால்

ஜாவா வெப் அப்ளிகேஷனின் அமைப்பு ஃபைலான வெப்.எக்ஸ்எம்எல்-இல் பாராமீட்டரின் மதிப்பு கண்ணெதிரே இருக்கும். ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஜாவா கிளாஸான சர்வ்லெட்டில் கேட்டால் நல், அதாவது மதிப்பே இல்லை என்று வரும். எக்ஸெப்ஷன் வராது, லாகில் எச்சரிக்கையும் இருக்காது. மதிப்பை வாங்கித் தரும் கெட்இனிட்பாராமீட்டர் மெத்தடின் குணமே அதுதான். பெயர் கிடைக்காவிட்டால் சத்தமில்லாமல் நல் தரும். பிறகு அந்த மதிப்பைப் பயன்படுத்துகிற இடத்தில் வெடிக்கும். ஆகவே ஸ்டாக் டிரேஸ் காட்டும் வரியைத் துருவாமல், மதிப்பை வாங்கிய வரிக்குப் போங்கள்.

அதற்கும் முன், சர்வர் எந்த ஃபைலைப் படிக்கிறது என்று உறுதிசெய்யுங்கள். எடிட்டரில் திறந்திருப்பதை அல்ல, டெப்ளாய் ஆன ஃபோல்டரில் வெப்-இன்ஃப்-க்குள் இருப்பதைத் திறந்து பாருங்கள். மேவன் என்ற பில்ட் கருவியின் புராஜெக்டில் ரிசோர்சஸ் ஃபோல்டரில் போட்டுவிட்டால் அது கிளாசஸ்-க்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், சர்வர் சீண்டாது. ஸ்பிரிங் பூட் அப்ளிகேஷனை உள்ளமைந்த சர்வரோடு ஜார் ஆக ஓட்டினால் வெப்.எக்ஸ்எம்எல் படிக்கப்படுவதே இல்லை.

ஃபைல் சரிதான் என்றால், பெரும்பாலும் தப்பான பெட்டியில் தேடிக்கொண்டிருக்கிறீர்கள். காண்டெக்ஸ்ட்-பாராம் முழு அப்ளிகேஷனுக்கும் பொது. இனிட்-பாராம் அது எழுதப்பட்ட அந்த ஒரு சர்வ்லெட்டுக்கோ ஃபில்டருக்கோ மட்டும். சர்வ்லெட்டுக்குள் வெறுமனே கெட்இனிட்பாராமீட்டர்("டிபி.யூஆர்எல்") என்று அழைத்தால் இரண்டாவது பெட்டி மட்டுமே திறக்கும். பொது மதிப்பு வேண்டுமென்றால் கெட்சர்வ்லெட்காண்டெக்ஸ்ட்().கெட்இனிட்பாராமீட்டர்("டிபி.யூஆர்எல்") என்றே கேட்க வேண்டும். சந்தேகமென்றால் இரண்டிலும் கெட்இனிட்பாராமீட்டர்நேம்ஸ் தரும் பெயர்களை, இரு பக்கமும் சதுர அடைப்புக்குறி போட்டு, லாகில் அச்சிடுங்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் உடனே கண்ணில் படும்.

வெப் பக்கத்தை உருவாக்கும் ஜேஎஸ்பி ஃபைலிலும் இதே பெயர் தொல்லை தரும். இனிட்பாராம்.டிபி.யூஆர்எல் என்று எழுதினால் ஜேஎஸ்பி-யின் குறுமொழியான இஎல் அதை டிபி, பிறகு யூஆர்எல் என்று பிரித்துப் படிக்கும். பெயரில் புள்ளி இருந்தால் இனிட்பாராம்['டிபி.யூஆர்எல்'] என்றே எழுதுங்கள்.

கிளாஸின் மேலேயே எழுதும் குறிப்பான அனோட்டேஷனால் வரும் சிக்கலைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நேரம் போகும். வெப்சர்வ்லெட் அனோட்டேஷனில் நேம் கொடுக்காவிட்டால், பேக்கேஜோடு சேர்ந்த முழு கிளாஸ் பெயரே சர்வ்லெட்டின் பெயராகிவிடும். வெப்.எக்ஸ்எம்எல்-இல் அதே கிளாஸுக்கு "ரிப்போர்ட்" என்று பெயர் வைத்து இனிட்-பாராம் சேர்த்தால், சர்வ்லெட்களை ஓட்டும் கண்டெய்னரின் கணக்கில் அவை இரண்டு தனித்தனி சர்வ்லெட்கள். ரிக்வெஸ்ட் அனோட்டேஷன் பக்கம் போகும், பாராமீட்டர் மற்றதில் கிடக்கும். இரண்டிலும் ஒரே பெயர் வையுங்கள். அப்போதுதான் ஒன்றாகச் சேரும்.

நல் வராமல் எக்ஸெப்ஷனே வந்தால், இனிட்(சர்வ்லெட்கான்ஃபிக்) மெத்தடை ஓவர்ரைடு செய்து சூப்பர்.இனிட்(கான்ஃபிக்) அழைக்க மறந்திருக்கலாம். ஆர்க்யுமென்ட் இல்லாத இனிட்() இருக்கிறது. அதை ஓவர்ரைடு செய்தால் இந்த வம்பே இல்லை. கன்ஸ்ட்ரக்டரில் பாராமீட்டரைக் கேட்கவே வேண்டாம், அப்போது கான்ஃபிக் வந்து சேர்ந்திருக்காது.

அப்ளிகேஷனே எழும்பாமல் எக்ஸ்எம்எல் பார்ஸ் பிழை வந்தால் டேட்டாபேஸ் முகவரியான ஜேடிபிசி யூஆர்எல்-ஐப் பாருங்கள். அதிலுள்ள & குறியை & என்று எழுதியாக வேண்டும்.

ஸ்பிரிங் ஃபிரேம்வொர்க்கில் ஒரு நல்ல துப்பு உண்டு. நீங்கள் எங்குமே குறிப்பிடாத அப்ளிகேஷன்காண்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் கிடைக்கவில்லை என்று பிழை வந்தால், ஃபைலின் இடத்தைச் சொல்லும் காண்டெக்ஸ்ட்கான்ஃபிக்லொகேஷன் பாராமீட்டர் போய்ச் சேரவில்லை, ஸ்பிரிங் தன் இயல்பான ஃபைலைத் தேடுகிறது என்று பொருள். காண்டெக்ஸ்ட்லோடர்லிஸனர் அதைக் காண்டெக்ஸ்ட்-பாராமில் தேடும். டிஸ்பாட்சர்சர்வ்லெட்டுக்கு இனிட்-பாராமில் கொடுக்க வேண்டும்.

எல்லாம் சரியானதும், கட்டாயமான பாராமீட்டர்களை இனிட்()-இலேயே சோதித்து, இல்லாவிட்டால் பெயரைச் சொல்லி சர்வ்லெட்எக்ஸெப்ஷன் வீசுங்கள். கூடவே, அப்ளிகேஷன் எழும்பும்போதே சர்வ்லெட்டை ஏற்றச் சொல்லும் லோட்-ஆன்-ஸ்டார்ட்அப் 1 வையுங்கள். அது இல்லாவிட்டால் பொதுவாக முதல் ரிக்வெஸ்ட் வரும்வரை இனிட்() ஓடாது, பிழை உங்களுக்குப் பதில் பயனருக்கு முதலில் தெரியும். சர்வ்லெட் டேகுக்குள் அதை இனிட்-பாராமுக்குப் பின்னால்தான் எழுத வேண்டும்.