பி.ஃபார்ம்: அரியர் சேராமல், பாடங்களை இணைத்துப் படிப்பது எப்படி?

பி.ஃபார்ம் (மருந்தியல் இளநிலைப் பட்டம்) என்றால் நான்கு வருடம், எட்டு செமஸ்டர். படிக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது பாடம் கடினமாக இருப்பதால் அல்ல. ஒரு செமஸ்டர் முடிந்ததும் அதன் நோட்டுகளைக் கட்டி மூலையில் போட்டுவிடுவதால்தான். நான்காம் செமஸ்டர் ஃபார்மகாலஜி (மருந்து உடலில் எப்படி வேலை செய்கிறது என்ற பாடம்) முதல் செமஸ்டர் பிசியாலஜியை (உடல் இயங்கும் விதம்) கேட்கும். ஆறாம் செமஸ்டர் பயோஃபார்மசூட்டிக்ஸ் (மருந்து உடலில் சேர்ந்து வெளியேறுவது பற்றிய பாடம்) முதல் செமஸ்டர் கணக்கைக் கேட்கும். எனவே மதிப்பெண் கணக்கை முதலில் புரிந்துகொண்டு, பிறகு பாடங்களை ஒன்றோடொன்று இணைத்துப் படிக்க வேண்டும்.

சேருவதற்கு முன்

பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியலுடன் உயிரியலோ கணிதமோ படித்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, நீட் தேவையில்லை. டி.ஃபார்ம் (டிப்ளமோ) முடித்தவர்கள் நேரடியாக மூன்றாம் செமஸ்டரில் சேரலாம். பணம் கட்டும் முன், அந்தக் கல்லூரிக்கு அந்தக் கல்வியாண்டில் இந்திய ஃபார்மசி கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, எத்தனை இடங்களுக்கு இருக்கிறது என்று கவுன்சிலின் இணையதளத்திலேயே பாருங்கள். கல்லூரி விளம்பரத்தை மட்டும் நம்பாதீர்கள். அங்கீகாரம் இல்லாத இடத்தில் வாங்கிய பட்டத்தை வைத்து ஃபார்மசிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியாது.

மதிப்பெண் கணக்கு

கவுன்சிலின் 2014 விதிமுறைப்படி பெரும்பாலான தியரி பாடங்களுக்கு 100 மதிப்பெண்: இன்டர்னல் 25, செமஸ்டர் தேர்வு 75. இன்டர்னலில் 15 மதிப்பெண் இரண்டு செஷனல் தேர்வுகளின் (செமஸ்டர் நடுவில் கல்லூரி வைக்கும் தேர்வு) சராசரி. செஷனல் 30 மதிப்பெண்ணுக்கு நடக்கும், அதை 15-ஆகக் குறைப்பார்கள். மீதி 10-இல் வருகைப்பதிவுக்கு 4, அசைன்மென்ட், குவிஸ், செமினார் போன்றவற்றுக்கு 3, ஆசிரியரோடான கலந்துரையாடலுக்கு 3. வருகை 95 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முழு 4; 80 முதல் 84 வரை இருந்தால் 1 மட்டும். 80-க்குக் கீழே போனால் தேர்வு எழுதவே தகுதியில்லை. தியரிக்கும் பிராக்டிகலுக்கும் வருகை தனித்தனியாகப் பார்க்கப்படும் என்பதைப் பலர் கடைசி மாதத்தில்தான் கவனிக்கிறார்கள்.

இன்டர்னலையும் சேர்த்து 100-க்கு 50 எடுத்தால் பாஸ். இன்டர்னல் 20 வைத்திருப்பவருக்குத் தேர்வில் 75-க்கு 30 போதும். 12 வைத்திருப்பவர் 38 எடுத்தாக வேண்டும். அந்த எட்டு மதிப்பெண் இடைவெளிதான் நிறைய அரியர்களின் பிறப்பிடம். செஷனல் சரியாகப் போகவில்லையென்றால் இம்ப்ரூவ்மென்ட் எழுத வழி இருக்கிறது; தேதியைக் கேட்டு எழுதிவிடுங்கள். உங்கள் பல்கலைக்கழகம் தேர்வுக்கென்று தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண் வைத்திருக்கிறதா என்பதையும் முதல் வாரத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

அரியர் விதியை மனப்பாடமாக வைத்துக்கொள்ள வேண்டும். முதல் மூன்று செமஸ்டர் பாடங்களை நான்காம் செமஸ்டர் தேர்வு வரை எடுத்துச் செல்லலாம். ஆனால் முதல் இரண்டு செமஸ்டரில் ஒரு பாடம் பாக்கி இருந்தால்கூட ஐந்தாம் செமஸ்டர் வகுப்பில் உட்கார முடியாது. அதேபோல முதல் நான்கு செமஸ்டரும் முடியாமல் ஏழாம் செமஸ்டர் இல்லை. ஆக, முதல் வருட அரியரை இரண்டாம் வருடத்துக்குள் முடிப்பதுதான் உங்கள் முதல் வேலை. புதுப் பாடங்கள் அதற்கு அடுத்துதான்.

கவுன்சில் தந்திருக்கும் வினாத்தாள் அமைப்பில் அப்ஜெக்டிவ் 20 மதிப்பெண், பத்து மதிப்பெண் கேள்வி மூன்றில் இரண்டு, ஐந்து மதிப்பெண் கேள்வி ஒன்பதில் ஏழு. மூன்று மணி நேரத்தில் அப்ஜெக்டிவுக்கு 30 நிமிடம், பெரிய கேள்வி ஒவ்வொன்றுக்கும் 25, சின்னக் கேள்விக்கு 12 என்று வைத்தால் கால் மணி நேரம் மிச்சம் இருக்கும். ஐந்து மதிப்பெண் கேள்விகள்தான் 35 மதிப்பெண். பெரிய கேள்விக்கு நாலு பக்கம் எழுதிவிட்டு, சின்னக் கேள்வியில் இரண்டை விடுகிறவர்கள் பத்து மதிப்பெண்ணைக் கையாலேயே தள்ளிவிடுகிறார்கள்.

முதல் வருடத்தில் எதை விடக்கூடாது

அனாட்டமி-பிசியாலஜியில் தன்னியக்க நரம்பு மண்டலம். அதன் ஏற்பிகளில் (உடலின் செய்தியோ மருந்தோ வந்து ஒட்டும் இடங்கள்) ஆல்ஃபா-1 ரத்தக்குழாயைச் சுருக்கும், பீட்டா-1 இதயத்துடிப்பைக் கூட்டும், பீட்டா-2 மூச்சுக்குழாயை விரிக்கும். இந்த மூன்று வரி தெளிவாக இருந்தால், புரோப்ரனலால் என்ற பீட்டா அடைப்பானை ஏன் ஆஸ்துமா நோயாளிக்குக் கொடுக்கக்கூடாது என்று நான்காம் செமஸ்டரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பீட்டா-2-ஐயும் சேர்த்து அடைக்கிறது, அதனால் மூச்சுக்குழாய் சுருங்கும், அவ்வளவுதான்.

ஃபார்மசூட்டிக்ஸில் (மருந்து தயாரிப்புப் பாடம்) அலிகேஷன் கணக்கு, அதாவது இரண்டு வீரியங்களைக் கலந்து நடுவில் ஒன்றைப் பெறும் கணக்கு. 90 சதவீத ஆல்கஹாலையும் 40 சதவீத ஆல்கஹாலையும் கலந்து 60 சதவீதம் வேண்டுமென்றால் 60-லிருந்து 40-ஐக் கழித்த 20, 90 சதவீதத்தின் பங்கு. 90-லிருந்து 60-ஐக் கழித்த 30, 40 சதவீதத்தின் பங்கு. விகிதம் 2:3. பங்குகளை மாற்றிப் போடுவதுதான் வழக்கமான தவறு. விடையைத் திரும்பப் பெருக்கிப் பாருங்கள்: 180-உம் 120-உம் சேர்ந்து 300, ஐந்தால் வகுத்தால் 60.

உயிரியல் பிரிவிலிருந்து வந்தவர்களுக்கு ரெமடியல் மேத்ஸ் இருக்கும், கணிதப் பிரிவினருக்கு ரெமடியல் பயாலஜி. 'சும்மா ஒரு பேப்பர்' என்று மேத்ஸை விட்டவர்கள் ஆறாம் செமஸ்டரில் ஃபார்மகோகைனடிக்ஸில் (உடலில் மருந்தின் அளவு கூடிக் குறையும் கணக்கு) லாகரிதம் தெரியாமல் திணறுவார்கள். ஒரு மருந்தின் அரை ஆயுள் (உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம்) 4 மணி நேரம் என்றால் வெளியேற்ற மாறிலி 0.693-ஐ 4-ஆல் வகுத்தது, அதாவது மணிக்கு 0.173. தொடர்ந்து ஒரே இடைவெளியில் கொடுத்தால் நிலையான அளவை எட்ட நான்கைந்து அரை ஆயுள்கள், சுமார் 16 முதல் 20 மணி நேரம் ஆகும். இந்த அளவு கணக்கு கைவசம் இருந்தாலே பாதி பாடம் பிடிபடும்.

ஒரு மருந்தைப் பிடித்துக்கொண்டு எல்லாப் பாடத்துக்கும் போவது

இதற்கு ஆஸ்பிரின் போல வசதியான மருந்து வேறில்லை. லேப் செய்முறை: 10 கிராம் சாலிசிலிக் அமிலம், 14 மி.லி. அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ஐந்து சொட்டு அடர் கந்தக அமிலம். கோனிக்கல் ஃபிளாஸ்க்கில் போட்டு வாட்டர் பாத்தில் 50–60 டிகிரியில் கால் மணி நேரம் கலக்கி, ஆறவிட்டு, 150 மி.லி. தண்ணீர் ஊற்றி வடிகட்ட வேண்டும். கோட்பாட்டு மகசூல் 13.04 கிராம் (10-ஐ 180.16-ஆல் பெருக்கி 138.12-ஆல் வகுத்தால் வரும்).

கெட்டுப்போவது எங்கே? ஃபிளாஸ்க் ஈரமாக இருந்தால் அசிட்டிக் அன்ஹைட்ரைடு தண்ணீரோடு சேர்ந்து அசிட்டிக் அமிலமாகிவிடும். வினைபுரிய ஆள் இல்லை, மகசூல் விழும். தயாரித்ததில் கொஞ்சம் எடுத்து ஃபெரிக் குளோரைடு ஒரு சொட்டு விட்டால் ஊதா நிறம் வந்தால், சாலிசிலிக் அமிலம் இன்னும் மிச்சம் இருக்கிறது; மறுபடிகமாக்க வேண்டும். மகசூல் நூறு சதவீதத்தைத் தாண்டினால் மகிழ்ச்சி அடைய வேண்டாம். படிகம் காயவில்லை, தண்ணீரையும் சேர்த்து எடை போட்டிருக்கிறீர்கள்.

இந்தத் தயாரிப்பில் சாலிசிலிக் அமிலத்தோடு அசிட்டைல் தொகுதியைச் சேர்ப்பது ஒரு எஸ்டர் பிணைப்பு; அதே பிணைப்புதான் மற்ற பாடங்களிலும் வருகிறது. அனாலிசிஸில் ஆஸ்பிரினை 50 மி.லி. 0.5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடோடு பத்து நிமிடம் மெதுவாகக் கொதிக்க வைத்து, மிஞ்சிய காரத்தை 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம் பார்க்கிறோம் (டைட்ரேஷன்). கொதிக்க வைப்பது அந்த எஸ்டரை உடைக்கத்தான். ஒரு மி.லி. காரம் 0.04504 கிராம் ஆஸ்பிரினுக்குச் சமம். பிளாங்க் டைட்ரேஷனை (ஆஸ்பிரின் இல்லாமல் அதே சோதனை) விட்டுவிட்டால் விடை தப்பும், ஏனென்றால் கொதிக்கும்போது காரம் காற்றிலிருந்து கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்கிறது. ஃபார்மசூட்டிக்ஸில், ஈரம் பட்ட பழைய ஆஸ்பிரின் மாத்திரையில் வினிகர் வாடை வருவது அதே நீராற்பகுப்பு (தண்ணீர் அந்தப் பிணைப்பை உடைப்பது). ஃபார்மகாலஜியில், ஆஸ்பிரின் தன் அசிட்டைல் தொகுதியைக் காக்ஸ் நொதியின் (வலி, ரத்த உறைவுக்கான பொருள்களை உருவாக்கும் நொதி) மேல் நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுவுக்கு உட்கரு இல்லை, புது நொதி தயாரிக்க முடியாது. அதனால்தான் 75 மி.கி. போன்ற குறைந்த அளவே அந்தத் தட்டணுவின் ஆயுள் முழுக்க வேலை செய்கிறது.

வைவாவில் (வாய்மொழித் தேர்வு) இப்படிப் பதில் சொல்கிறவரை எக்ஸாமினர் அதிகம் துருவ மாட்டார். செமஸ்டர் பிராக்டிகலின் 35 மதிப்பெண்ணில் சினாப்சிஸ் (சோதனையின் சுருக்கம்) 5, சோதனை 25, வைவா 5. ரெக்கார்டு நோட்டை அன்றன்றைக்கே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தேர்வுக்கு முந்தைய வாரம் பத்து சோதனையை மொத்தமாகப் பார்த்து எழுதினால் கையெழுத்து கிடைக்கும், வைவாவுக்கு எதுவும் நிற்காது.

ஃபார்மகாலஜி, மெடிசினல் கெமிஸ்ட்ரி

மருந்துப் பெயரின் வால் பகுதியிலிருந்து தொடங்குங்கள். அடினலால், மெட்டோப்ரலால் பீட்டா அடைப்பான்கள். எனலாப்ரில், ராமிப்ரில் ஏ.சி.ஈ. என்ற நொதியின் தடுப்பான்கள், லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் ஆஞ்சியோடென்சின் ஏற்பி அடைப்பான்கள். ஒவ்வொரு வகைக்கும் ஒரு மாதிரி மருந்தை முழுதாகப் படித்து, மற்றவற்றுக்கு வேறுபாட்டை மட்டும் குறியுங்கள். பக்கவிளைவைக் காரணத்தோடு எழுதுங்கள்: எனலாப்ரில் வறட்டு இருமல் தருவது அந்த ஏ.சி.ஈ. நொதி சிதைக்க வேண்டிய பிராடிகைனின் என்ற பொருள் சிதையாமல் தேங்குவதால், லோசார்ட்டன் அந்த நொதியைத் தொடுவதில்லை, அதனால் அந்த இருமல் அரிது.

மெடிசினல் கெமிஸ்ட்ரியில் கவுன்சில் பாடத்திட்டத்தை எடுத்துப் பாருங்கள். நட்சத்திரக் குறி போட்ட மருந்துகளுக்குத்தான் தயாரிப்பு முறை கேட்கப்படும். முதலில் அந்தப் பட்டியலைத் தனியாக எழுதி, தினம் இரண்டு கட்டமைப்பைப் பார்க்காமல் வரைந்து பழகுங்கள். கண்ணால் படித்த கட்டமைப்பு தேர்வு அறையில் வராது, கை பழக வேண்டும்.

சட்டப் பாடத்துக்கு சீனியர் நோட்ஸை அப்படியே நம்ப வேண்டாம். மருத்துவ ஆய்வுகளுக்கு ஷெட்யூல் ஒய் (மருந்து விதிகளின் ஒரு அட்டவணை) என்று பழைய நோட்டில் இருக்கும். 2019 முதல் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள் வந்துவிட்டன. ஷெட்யூல் எச்1 மருந்து (கூடுதல் கட்டுப்பாடு உள்ள மருந்துகளின் பட்டியலில் இருப்பது) விற்றால் தனிப் பதிவேட்டில் மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும் என்பதைப் பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் அனுமதி கேட்டு ஒருமுறை நேரில் பார்த்தாலே மறக்காது.

ஆறாம் செமஸ்டர் முடிந்ததும் வரும் விடுமுறையில் மருந்துத் தொழிற்சாலையிலோ மருத்துவமனையிலோ நான்கு வாரத்தில் 150 மணி நேரப் பயிற்சி எடுக்கலாம். ஐந்தாம் செமஸ்டரிலேயே கடிதம் அனுப்பத் தொடங்குங்கள், கடைசி நேரத்தில் இடம் கிடைக்காது. எம்.ஃபார்ம் போக விரும்புகிறவர்கள் ஜிபேட் தேர்வுக்கு (எம்.ஃபார்ம் சேர்க்கைக்கான தேசியத் தேர்வு) ஏழாம் செமஸ்டரில் ஆரம்பித்தால் போதும், இதுவரை சொன்னபடி படித்திருந்தால். வேலைக்குப் போகிறவர்கள் பட்டச் சான்றிதழ் கைக்கு வந்ததும் மாநில ஃபார்மசி கவுன்சிலில் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். 1948 ஃபார்மசி சட்டப்படி, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்க அந்தப் பதிவு கட்டாயம்.