தலைப்பைக் கேட்காதீர்கள், கேள்வியைக் கொடுங்கள்: மாணவர் அறிவியல் மன்றம் பொதுப் பேச்சு நடத்த ஒரு வழிகாட்டி

அறிவியல் மன்றத்தில் செயலாளராக இருந்த காலத்தில் மற்ற மன்றத்துக்காரர்கள் என்னிடம் அதிகம் கேட்டது, "பெரிய பேராசிரியர்களை எப்படிச் சம்மதிக்க வைக்கிறீர்கள்?" என்பதைத்தான். அது சுலபமான பகுதி. ஆராய்ச்சி செய்பவர்களில் பலருக்குத் தங்கள் வேலையைப் பற்றிப் பேசப் பிடிக்கும். மாணவர்களே எழுதிக் கூப்பிட்டால் கூடுதலாகப் பிடிக்கும். சிக்கல் அதற்கப்புறம்தான். வருகிறவர் தன் துறைக் கருத்தரங்கில் பேசிய அதே பேச்சைக் கொண்டுவருவார். அவருடைய துறை மாணவர்கள் நாலு பேர் குறிப்பெடுப்பார்கள். கணிதம், வரலாறு, உளவியல் என்று வந்த மற்றவர்கள் மூன்றாவது ஸ்லைடிலேயே போனை எடுத்துவிடுவார்கள். அடுத்த முறை வரமாட்டார்கள்.

இதை மேடையில் வைத்துச் சரிசெய்ய முடியாது. அழைப்புக் கடிதம் எழுதும்போதே சரிசெய்ய வேண்டும். அதனால் இங்கே போஸ்டரையும் பட்ஜெட்டையும் பற்றிக் கொஞ்சம்தான் சொல்லப்போகிறேன்.

கேள்வியை நீங்களே தேர்ந்தெடுங்கள்

"உங்களுக்குப் பிடித்த தலைப்பில் பேசலாம்" என்று எழுதுவது மரியாதை போலத் தோன்றும். ஆனால் அப்படி எழுதினால் "சமூகப் பூச்சிகளின் கூட்டு நடத்தை: அண்மைக்கால முன்னேற்றங்கள்" என்று ஒரு தலைப்பு வரும். விலங்கியல் மாணவர்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அதே ஆளிடம், "வழி சொல்ல யாருமே இல்லாமல் எறும்புகள் குறுக்குவழியை எப்படிக் கண்டுபிடிக்கின்றன?" என்ற கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். 1989-ல் வெளிவந்த ஒரு பரிசோதனையில், புற்றுக்கும் உணவுக்கும் நடுவே நீளமும் குட்டையுமாக இரண்டு பாதைகள் வைத்தார்கள். குட்டைப் பாதையில் போன எறும்புகள் சீக்கிரம் திரும்பிவந்ததால் அதில் வாசனைத் தடம் வேகமாகச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் பெரும்பாலான எறும்புகள் அந்தப் பக்கமே போயின. 1990-களின் தொடக்கத்தில் மார்க்கோ டோரிகோ என்ற கணினி ஆராய்ச்சியாளர் இதே உத்தியைக் கணினி வழிமுறையாக மாற்றினார். பல ஊர்களை மிகக் குறைந்த தூரத்தில் சுற்றிவருவது எப்படி என்ற பழைய கணக்குக்கு அதைப் பயன்படுத்தினார்கள். இப்போது கணினித் துறை மாணவர்களும் வருவார்கள், போக்குவரத்துப் பொறியியல் படிப்பவர்களும் வருவார்கள்.

நல்ல கேள்விக்கு நான் வைத்திருக்கும் சோதனை எளிது. அந்தத் துறைக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பேரிடம் கேள்வியைச் சொல்ல வேண்டும். ஒருவராவது உடனே தவறான பதில் ஒன்றைச் சொன்னால் கேள்வி தேறிவிட்டது. "ஓ, அப்படியா" என்று மட்டும் சொன்னால் தூக்கிப் போட்டுவிடுவேன்.

கேள்வி கடினமாக இருக்கலாம், அதில் தப்பில்லை. 1943-ல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் எர்வின் ஷ்ரோடிங்கர் பொதுச் சொற்பொழிவுகள் நடத்தினார். இயற்பியலாளர் அவர், எடுத்துக்கொண்டதோ உயிரியல். உயிருள்ள உடலுக்குள் நடப்பதை இயற்பியலும் வேதியியலும் எப்படி விளக்கும் என்பதுதான் கேள்வி. விஷயம் கடினமானது என்று ஆரம்பத்திலேயே எச்சரித்தும், ஏறக்குறைய 400 பேர் வந்த கூட்டம் பெரிதாகக் குறையவில்லை என்று அவரே பிறகு எழுதினார். அந்தப் பேச்சுகள் அடுத்த ஆண்டு புத்தகமாக வந்தன. டி.என்.ஏ. அமைப்பைக் கண்டறிந்த வாட்சனும் கிரிக்கும் அதைப் படித்துத் தாக்கம் பெற்றவர்கள். ஆகவே பேச்சாளரிடம் "எளிமையாகப் பேசுங்கள்" என்று கெஞ்ச வேண்டாம். எளிமை என்றதும் பலர் உள்ளடக்கத்தையே குறைத்துவிடுகிறார்கள். "கேள்வியை விட்டு விலகாமல் பேசுங்கள்" என்று சொன்னால் போதும்.

இன்னொரு வழியும் உண்டு: ஒரே பொருளுக்கு இரண்டு துறைக்காரர்கள். உதாரணமாக நீலம். மார்ஃபோ பட்டாம்பூச்சியின் சிறகில் தெரியும் பளபளப்பான நீலத்துக்கு நிறமி காரணமில்லை, செதில்களின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும் விதம்தான் காரணம். பிரஷ்யன் நீலம் என்ற சாயம் வேதியியலில் பிறந்து ஓவியர்களின் கைக்குப் போனது. கடல் நீலமாகத் தெரிவது வானத்தின் பிரதிபலிப்பால்தான் என்ற விளக்கத்தை 1921-ல் கப்பல் பயணத்தின்போது சி.வி. ராமன் சந்தேகித்தார்; தண்ணீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று காட்டினார். ஆளுக்கு இருபத்தைந்து நிமிடம் கொடுத்து ஓர் இயற்பியல்காரரையும் ஒரு கலை வரலாற்றுக்காரரையும் பேசவிடுங்கள். எனக்கு இந்த வகைக் கூட்டம்தான் எப்போதும் பிடிக்கும். இருவரும் முன்கூட்டியே ஒரு தடவை போனில் பேசிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஒருவர் சொன்னதையே அடுத்தவரும் சொல்வார்.

கடிதம்

இரண்டு மூன்று மாதம் முன்னால் அனுப்புங்கள். ஒரு பக்கம் தாண்டக் கூடாது. மன்றத்தின் வரலாற்றைக் கடைசி வரியில் வையுங்கள், அதற்கு யாரும் அவசரப்படவில்லை. நான் அனுப்பும் கடிதத்தின் முக்கியப் பகுதி கிட்டத்தட்ட இப்படி இருக்கும்:

"எறும்புகள் பாதையைத் தேர்ந்தெடுப்பது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தோம். யாரும் வழி சொல்லாமல் அவை எப்படிக் குறுக்குவழியைக் கண்டுபிடிக்கின்றன என்ற ஒரே கேள்வியை மையமாக வைத்து எங்கள் மன்றத்தில் 45 நிமிடம் பேச முடியுமா? கேட்பவர்களில் பாதிப் பேர் அறிவியல் மாணவர்கள், மீதிப் பேர் மற்ற துறையினரும் வெளியாட்களும். எல்லோருக்கும் பள்ளி அளவு உயிரியல் தெரியும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். பேச்சுக்குப் பின் அரை மணி நேரம் கேள்விகள். கீழே உள்ள மூன்று தேதிகளில் எது வசதி? பயணச் செலவு எங்களுடையது. சன்மானம் கொடுக்க எங்களிடம் வசதி இல்லை. ஒளிப்பதிவு உங்கள் சம்மதம் இருந்தால் மட்டும்."

பணம் இல்லை என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். மூன்றாவது கடிதத்தில் சொன்னால் இரு பக்கமும் சங்கடம். அப்புறம், அந்தக் கட்டுரையை நிஜமாகவே படித்திருக்க வேண்டும், முன்னுரையும் முடிவுரையுமாவது. படிக்காமல் எழுதிய புகழ்ச்சியை ஆராய்ச்சியாளர்கள் ஒரு வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள்.

புகழ்பெற்றவர்களுக்கு மட்டும் எழுதாதீர்கள். முனைவர் பட்டத்தின் கடைசி ஆண்டில் இருக்கும் ஆராய்ச்சி மாணவர்கள் பெரும்பாலும் மிக நன்றாகப் பேசுவார்கள். ஆய்வகத்தில் நேற்று என்ன நடந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். பருவத்தின் பட்டியலைப் போடும்போது ஒரே துறை அடுத்தடுத்து வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியாளோடு அரை மணி நேரம்

பேச்சாளர் சம்மதித்த பிறகு, மன்றத்திலிருந்து வேறு துறை மாணவர் ஒருவரை அவருக்கு ஒதுக்குங்கள். வேதியியல்காரர் பேசப்போகிறார் என்றால் பொருளாதாரம் படிப்பவர். கூட்டத்துக்குப் பத்து நாள் முன்னால் இருவரும் அரை மணி நேரம் பேச வேண்டும். "இந்தச் சொல் புரியவில்லை", "இந்த வரைபடத்தில் கிடை அச்சு என்ன?" என்று அந்த மாணவர் தைரியமாகக் கேட்க வேண்டும். புத்திசாலியாகக் காட்டிக்கொள்ளும் ஆள் இந்த வேலைக்கு ஆகமாட்டார். கேள்விகள் வரவர, எந்த இடத்தில் கேட்பவர்களைத் தொலைக்கிறோம் என்று பேச்சாளருக்கே தெரிந்துவிடும். என்னைக் கேட்டால், மன்றத்துக்கு நேரம் குறைவாக இருந்தால் மற்ற எதையும் விட்டுவிடலாம், இதை மட்டும் விடக்கூடாது.

அந்த உரையாடலில் மூன்று வேண்டுகோள் வைக்கலாம். கலைச்சொற்கள் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம், அவற்றையும் வரும்போதே விளக்கிவிட வேண்டும். ஒவ்வொரு வரைபடத்திலும் அச்சுகள் எதைக் குறிக்கின்றன என்று வாயால் சொல்ல வேண்டும். நேரம் போதாவிட்டால் எந்தப் பகுதியை வெட்டுவது என்று இப்போதே முடிவு செய்துவிட வேண்டும்.

அரங்கும் கருவிகளும்

சின்ன அரங்கை எடுங்கள். எண்பது இருக்கையில் அறுபது பேர் உட்கார்ந்தால் கூட்டம் களைகட்டும். அதே அறுபது பேர் முந்நூறு இருக்கையில் சிதறிக் கிடந்தால் பேச்சாளரின் குரலே இறங்கிவிடும். போஸ்டரில் கேள்வி பெரிதாக இருக்கட்டும், பட்டங்களும் பதவிகளும் சின்ன எழுத்தில் போதும். அனுமதி இலவசம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று எழுத மறக்க வேண்டாம். பின்னாளில் பெரிய விஞ்ஞானியான மைக்கேல் ஃபாரடே, புத்தகம் பைண்டு செய்யும் கடையில் தொழில் பழகிக்கொண்டிருந்தபோது, 1812-ல் வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த நுழைவுச் சீட்டில்தான் வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவியின் சொற்பொழிவுகளைக் கேட்டார். அங்கே எடுத்த குறிப்புகளை பைண்டு செய்து டேவிக்கு அனுப்பி, அடுத்த ஆண்டே லண்டனில் டேவி இருந்த ராயல் இன்ஸ்டிட்யூஷன் என்ற அறிவியல் நிறுவனத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். வெளியாட்களுக்கென்று முன்வரிசையில் சில இடங்களை ஒதுக்கி வைப்பது நல்லது.

கருவிகளுக்கு ஒரு மணி நேரம் முன்னால் போனால் போதும். ஹெச்டிஎம்ஐ, யூஎஸ்பி-சி இரண்டுக்கும் அடாப்டர், ஸ்லைடுகளின் பிடிஎஃப் நகல், மைக்குக்கு உபரி பேட்டரி. வீடியோ இருந்தால் சத்தத்தோடு ஓட்டிப் பாருங்கள்.

செய்முறை காட்டுவது என்றால் கவனம் அதிகம் தேவை. திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ். அதில் ஒரு லிட்டர் ஆவியானால் அறை வெப்பத்தில் ஏறக்குறைய 700 லிட்டர் வாயுவாகிறது. காற்றோட்டம் இல்லாத அறையில் ஆக்சிஜனின் பங்கு யாருக்கும் தெரியாமல் குறைந்துவிடும். ஜன்னல் திறக்காத அரங்கில் அதை அனுமதிக்கவே வேண்டாம். எந்தக் கலனையும் இறுக்கி மூடக் கூடாது. முதல் வரிசையைக் காலியாக விட வேண்டும்.

அறிமுகம் ஒன்றரை நிமிடம். பேச்சாளரின் பட்டியலிடப்பட்ட சாதனைகளை வாசிக்க ஆரம்பித்தால் கூட்டம் அங்கேயே தூங்கிவிடும். கேள்வியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள். ராயல் இன்ஸ்டிட்யூஷனின் வெள்ளிக்கிழமைச் சொற்பொழிவுகளில் அறிமுகமே கிடையாது, மணி அடித்ததும் பேச்சாளர் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார். 1846-ல் பேச வேண்டிய சார்ல்ஸ் வீட்ஸ்டோன் என்ற இயற்பியலாளர் பயந்து ஓடிவிட்டதாகவும், அதிலிருந்து பேச்சாளரை முன்கூட்டியே ஓர் அறையில் பூட்டி வைப்பதாகவும் ஒரு கதை அங்கே உலவுகிறது. நீங்கள் பூட்ட வேண்டாம், வாசலில் ஓர் ஆள் நின்றால் போதும்.

கேள்வி நேரம்

பேச்சு முடிந்ததும் "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். ஒன்று, மௌனம். அல்லது அதே துறைப் பேராசிரியர் ஒருவர் எழுந்து, கேள்வி என்ற பெயரில் இன்னொரு பேச்சை நிகழ்த்துவார். இரண்டுக்கும் ஒரே மருந்து: கைதட்டல் முடிந்தவுடன் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடம் பேசிக்கொள்ளச் சொல்லுங்கள். தனியாகக் கேட்கக் கூச்சப்பட்டவர், பக்கத்து ஆள் "எனக்கும் அதுதான் புரியவில்லை" என்றதும் கை தூக்கிவிடுவார். எழுதிக் கேட்க விரும்புபவர்களுக்குத் துண்டுச் சீட்டும் கொடுங்கள்.

முதல் கேள்வியை யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது முக்கியம். 10 நாடுகளில் 35 கல்வி நிறுவனங்களில் நடந்த ஏறக்குறைய 250 கருத்தரங்குகளைக் கவனித்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகவே கேள்வி கேட்டார்கள். முதல் கேள்வியை ஓர் ஆண் கேட்ட கூட்டங்களில் அந்த இடைவெளி இன்னும் பெரிது. மைக் யாரிடம் முதலில் போகிறது என்பது முழுக்க உங்கள் கையில்தான் இருக்கிறது. முதல் கேள்வி ஒரு மாணவியிடமிருந்தோ வேறு துறைக்காரரிடமிருந்தோ வரட்டும், பேராசிரியர்கள் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

நீட்டி முழக்குபவரை நிறுத்துவதற்கு ஒரு வாக்கியம் தயாராக வைத்திருங்கள்: "ஐயா, இதில் பேச்சாளரிடம் நீங்கள் கேட்க விரும்புவது எது?" சிரித்த முகத்தோடு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள். பின்வரிசைக்குக் கேட்காத கேள்வியை நடத்துபவர் திரும்பச் சொல்ல வேண்டும். சொன்ன நேரத்துக்கு முடித்துவிடுங்கள், கை தூக்கியபடி சிலர் இருந்தாலும் பரவாயில்லை. அவர்கள் வெளியே வந்து பேச்சாளரைப் பிடித்துக்கொள்வார்கள்.

அதற்கு இடமும் நேரமும் ஒதுக்குங்கள். பேச்சாளரை உடனே காரில் ஏற்றி அனுப்புவது பெரிய வீண். 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்ட் சோமர்ஃபெல்ட் சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து பேசினார். அங்கே படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் நோபல் பரிசு பெற்ற சுப்ரமணியன் சந்திரசேகர் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்ப் பார்த்தார். தான் படித்த அணு இயற்பியல் பழசாகிவிட்டது என்று அங்கேதான் அவருக்குத் தெரிந்தது. இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப் படிகளையும் சோமர்ஃபெல்ட் கொடுத்தார். குவாண்டம் இயற்பியலின் புதிய புள்ளியியலைப் பயன்படுத்தி சந்திரசேகர் எழுதிய கட்டுரையை அடுத்த ஆண்டு ராயல் சொசைட்டியின் இதழ் வெளியிட்டது.

முடிந்த பிறகு

மறுநாளே நன்றிக் கடிதம். அதோடு, துண்டுச் சீட்டில் வந்து நேரமில்லாமல் போன கேள்விகளையும் தட்டச்சு செய்து அனுப்புங்கள். பேச்சாளர்கள் மிகவும் ரசிப்பது இதைத்தான், சிலர் உட்கார்ந்து பதிலும் எழுதுவார்கள்.

மாணவர் மன்றத்தின் பெரிய பலவீனம், எல்லோரும் படித்து முடித்துப் போய்விடுவதுதான். அதனால் ஒரு கோப்பு வேண்டும்: யாருக்கு எழுதினோம், யார் "அடுத்த ஆண்டு பார்க்கலாம்" என்றார், எந்தக் கேள்விக்குக் கூட்டம் வந்தது, எந்த அரங்கில் காலர் மைக் இரைகிறது, சாவி யாரிடம் இருக்கிறது. புதிய செயலாளர் பொறுப்பேற்கும் முன்பே அடுத்த பருவத்தின் முதல் இரண்டு அழைப்புகளை அவரோடு உட்கார்ந்து எழுதி அனுப்பிவிடுங்கள். பதில் அவர் பெயருக்கு வரட்டும்.