அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டு: எந்தக் கட்டணத்தை எப்போது கட்டுவது?

அமெரிக்கக் குடிமகன் என்ற முறையில் என் பெற்றோருக்கு நான்தான் விண்ணப்பித்தேன். முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது: பெற்றோர் விஷயத்தில் அப்பாவுக்குத் தனி ஐ-130 (உறவினரை அழைத்துக்கொள்ளப் போடும் மனு), அம்மாவுக்குத் தனி ஐ-130. ஒன்றில் இருவரையும் சேர்க்க முடியாது. 2024 ஏப்ரல் கட்டணப்படி ஆன்லைனில் ஆளுக்கு 625 டாலர், காகிதத்தில் 675. கட்டும் அன்று அமெரிக்கக் குடியேற்றத் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபாருங்கள்.

மனு ஏற்கப்பட்டதும் கோப்பு தேசிய விசா மையத்துக்குப் போகும். அங்கே இரண்டு கட்டணம்: விசா விண்ணப்பத்துக்கு ஆளுக்கு 325, பொருளாதார ஆதரவுப் பத்திரத்துக்கு (பெற்றோரின் செலவை நாம் பார்த்துக்கொள்வோம் என்ற உறுதிமொழி) ஒரு கோப்புக்கு 120. எங்களுக்கு இரண்டு கோப்பு, அதனால் 120 இரண்டு முறை. அமெரிக்க வங்கிக் கணக்கிலிருந்துதான் கட்ட முடியும். விசா கிடைக்காவிட்டாலும் பணம் திரும்பாது.

பணம் ஏறிய பிறகுதான் டிஎஸ்-260 என்ற ஆன்லைன் விசா விண்ணப்பப் படிவம் திறக்கும். 16 வயதிலிருந்து குடியிருந்த எல்லா முகவரியும் கேட்பார்கள். அப்பா ரயில்வேக்காரர், ஊர் ஊராக மாற்றல். அம்மாதான் பழைய கடித உறைகளைப் புரட்டி ஒவ்வொன்றாகச் சொன்னார். இந்தப் பட்டியலை இப்போதே எழுத ஆரம்பித்துவிடுங்கள்.

மருத்துவப் பரிசோதனைக்கு, தூதரகம் அங்கீகரித்த மருத்துவரிடமே நேரடியாகக் கட்டணம். அப்புறம், விசா கையில் வந்ததும் ஆளுக்கு 235 டாலர் குடியேற்றக் கட்டணம். விமானம் ஏறும் முன்பே கட்டிவிடுங்கள். அதைக் கட்டாமல் கிரீன் கார்டு அச்சாகி வராது.