பேஸ்பால் விதிமாற்றத்தை மேடையில் வாதாடுவது எப்படி

மன்னார்குடிப் பக்கம் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். விவாதப் போட்டிகளுக்குப் பிள்ளைகளைத் தயார்ப்படுத்துவதும் என் வேலைதான். 'அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் 2023இல் கொண்டுவந்த விதிகள் ஆட்டத்துக்கு நல்லதா, கெட்டதா?' என்ற தலைப்பை நான் விரும்பிக் கொடுப்பேன். கிரிக்கெட் என்றால் பேசவருகிறவர்கள் முதல் நாளே ஏதாவது ஒரு கட்சியில் நிற்பார்கள். பேஸ்பாலில் படித்துத்தான் கட்சி கட்ட முடியும்.

முதல் வேலை, தலைப்பை இரண்டாகப் பிரிப்பது. நேரக்கட்டுப்பாடு ஒன்று, ஃபீல்டர்கள் எங்கே நிற்கலாம் என்ற கட்டுப்பாடு இன்னொன்று. 'விதிமாற்றம்' என்று மொத்தமாகப் பேசினால் ஒன்றில் இருக்கும் பலவீனம் மற்றதையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

நேரவிதி இதுதான். பேட்டிங் அணி ஓடித் தொட வேண்டிய முனைதான் பேஸ்; அங்கே வந்து நிற்பவர் ரன்னர். பேஸில் ரன்னர் இல்லாவிட்டால் 15 விநாடிக்குள் பிட்சர், அதாவது பந்து எறிபவர், வீசத் தொடங்க வேண்டும். ரன்னர் இருந்தால் 2023இல் 20 விநாடி. 2024இல் அதை 18 ஆகக் குறைத்தார்கள். கடிகாரத்தில் 8 விநாடி மிச்சம் இருக்கும்போதே பேட்டர் தயாராகப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். பிட்சர் தவறினால் ஒரு 'பால்' (நான்கு சேர்ந்தால் பேட்டருக்கு முதல் பேஸ் இலவசம்), பேட்டர் தவறினால் ஒரு 'ஸ்ட்ரைக்' (மூன்று சேர்ந்தால் அவுட்). 15 விநாடி என்பதைக் காகிதத்தில் படித்தால் புரியாது. என் பிள்ளைகளில் ஒருத்தி பந்தோடு நிற்பாள், இன்னொருத்தி ஸ்டாப்வாட்சோடு உரக்க எண்ணுவாள். பந்தைத் தேய்த்து, மூச்சு விட்டு, பேட்டருக்குப் பின்னால் இருக்கும் கேட்சரின் சைகையைப் பார்ப்பதற்குள் எண்ணிக்கை எட்டுக்கு வந்துவிடும். இதைச் செய்துபார்த்த பிள்ளை மேடையில் அவசரம் என்று சொல்லும்போது, அந்தச் சொல்லுக்கு எடை இருக்கும். வடுவூர்ப் பக்கம் கபடி பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதும் இல்லை. அங்கே ஒரு ரெய்டுக்கு 30 விநாடிதான்.

ஃபீல்டிங் விதியை வாயால் விளக்கவே வேண்டாம். தரையில் சுண்ணாம்புப் பொடியால் கட்டம் போடுங்கள். உண்மையில் பேஸுக்குப் பேஸ் 90 அடி; அதில் பாதி போதும். நான்கு பிள்ளைகளை இன்ஃபீல்டர்களாக, அதாவது பேஸ்களை ஒட்டி நிற்கும் ஃபீல்டர்களாக, நிறுத்துங்கள். இடதுகை பேட்டர் பெரும்பாலும் முதல் பேஸ் பக்கமாகத்தான் தரையோடு அடிப்பார். அதைத் தெரிந்துகொண்ட அணிகள் மூன்று பேரை அந்தப் பக்கமே நிறுத்தின. அவர்களில் ஒருவரை, பின்னால் இருக்கும் அவுட்ஃபீல்ட் புல்வரைக்கும் தள்ளி நிறுத்துவதும் உண்டு. இதுதான் 'ஷிஃப்ட்'. 1946இல் பாஸ்டனின் இடதுகை பேட்டர் டெட் வில்லியம்ஸுக்கு எதிராக கிளீவ்லாந்து அணி மேலாளர் லூ பூட்ரோ செய்தது புகழ்பெற்றது என்றாலும், புள்ளிவிவரம் பெருகிய 2010களில்தான் இது அன்றாட வழக்கமானது. 2023 முதல் இரண்டாம் பேஸின் இரு பக்கமும் இரண்டிரண்டு பேர், நால்வரின் காலும் இன்ஃபீல்ட் எல்லைக்குள். இப்போது அந்த மூன்றாவது பிள்ளையை இடதுபக்கம் திருப்பி அனுப்புங்கள். திறக்கிற சந்து எல்லோருக்கும் கண்ணில் படும். ஒரு அவுட்ஃபீல்டரை உள்ளே இழுத்து அந்தச் சந்தை அடைக்க விதி இன்னும் இடம் தருகிறது. எதிரணி கேட்கும், பதில் தயாராக இருக்கட்டும்.

இனி எண்கள். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 2021இல் 3 மணி 10 நிமிடம், 2022இல் 3 மணி 4 நிமிடம், 2023இல் 2 மணி 40 நிமிடம். ஒரே ஆண்டில் 24 நிமிடக் குறைவு. நேரக்கட்டுப்பாட்டை ஆதரிப்பவருக்கு இதைவிடப் பெரிய துருப்பு இல்லை.

ஃபீல்டிங் விதிக்கு அப்படி ஒரு எண் கிடையாது. லீகின் மொத்த பேட்டிங் சராசரி 2022இல் .243, அதாவது ஆயிரம் பேட்டிங் வாய்ப்புக்கு 243 ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாகப் பேஸை அடைவது). 2023இல் .248. அடுத்த ஆண்டே பழையபடி .243க்கு இறங்கிவிட்டது. ஷிஃப்ட்டைத் தடுத்தால் ஹிட் மழை பெய்யும் என்று யாராவது முழங்கினால் இந்த மூன்று எண்களையும் வரிசையாகச் சொல்லிவிட்டு உட்காருங்கள். காரணமும் விளங்கக்கூடியதுதான். பந்து மட்டையிலேயே படாமல் ஸ்ட்ரைக்-அவுட் ஆகிறவருக்கு, ஃபீல்டர் எங்கே நின்றால் என்ன?

பேஸ் திருட்டில்தான், அதாவது பேட்டர் அடிக்காமலேயே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வதில்தான், பிள்ளைகள் சறுக்குவார்கள். 2022இல் 2,486 ஆக இருந்தது 2023இல் 3,503 ஆனது. உடனே 'கடிகாரத்தின் வெற்றி' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த ஆண்டே பேஸாக வைக்கும் சதுர மெத்தையின் பக்கம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆனதால், முதல் பேஸிலிருந்து இரண்டாவதற்கு ஓடும் தூரம் நாலரை அங்குலம் குறைந்தது. ரன்னர் இருக்கும்போது பிட்சர் தண்டனை இல்லாமல் இரண்டு முறைதான் வீச்சுநிலையிலிருந்து விலகலாம் (ரன்னரை மடக்க அவர் நிற்கும் பேஸுக்குப் பந்தை எறிவதும் இதில் சேரும்). மூன்றாவது முறை விலகி ரன்னரை அவுட் ஆக்காவிட்டால் அவருக்கு அடுத்த பேஸ் இலவசம். ஒன்றாக வந்த விதிகளில் எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். அதை நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள். நடுவர் உங்களை நம்பத் தொடங்குவது அந்த இடத்தில்தான்.

எதிர்த்துப் பேசுகிறவர்களுக்கு என் யோசனை: பழமை, பாரம்பரியம், கடிகாரமே இல்லாத ஆட்டம் என்ற பெருமை, இவற்றில் நிமிடங்களைக் கரைக்காதீர்கள். 2022 செப்டம்பரில் இந்த விதிகளை முடிவுசெய்த குழுவில் உரிமையாளர் தரப்பில் ஆறு பேர், வீரர்கள் நான்கு பேர், அம்பயர் ஒருவர். நேரவிதி, ஃபீல்டிங் விதி இரண்டையும் நான்கு வீரர்களும் எதிர்த்து வாக்களித்தார்கள். பெரிய பேஸை மட்டும் ஏற்றார்கள். களத்தில் நிற்கிறவர்களே வேண்டாம் என்றது நிறைவேறியது சரியா? இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. உழைப்பவன் கருத்தைக் கேட்காமல் முறை வைத்துத் தண்ணீர் திறந்தால் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஃபீல்டர் நிற்கும் இடத்தை விதி தொடலாமா என்பதில் நான் ஒரு பக்கம் நிற்கிறேன்: தொடலாம். கிரிக்கெட்டில் பாடிலைன் தொடரில் இங்கிலாந்து வீரர்கள் ஆஸ்திரேலிய பேட்டர்களின் உடம்பைக் குறிவைத்து வீசி, லெக் பக்கம் ஆட்களைக் குவித்தார்கள். பின்னாளில், 1957இல், ஸ்கொயருக்குப் பின்னால் லெக் பக்கம் இரண்டு பேருக்கு மேல் கூடாது என்ற விதி வந்தது. இன்று அதை யாரும் குறையாகப் பேசுவதில்லை. ஆனால் இதை எடுத்தால் மறுவெட்டு வரும்: அங்கே காரணம் ஆபத்து, ஷிஃப்ட்டில் யாருக்கும் அடிபடவில்லையே? அப்போது பவர்பிளேயைக் கையில் எடுங்கள். T20இன் முதல் ஆறு ஓவரில் வட்டத்துக்கு வெளியே இரண்டு பேர்தான். அங்கே ஆபத்து கிடையாது, ரன் வரட்டும் என்பதுதான் நோக்கம்.

கடைசியாக பிட்சர்களின் முழங்கைக் காயம். 20 விநாடி 18 ஆனதும் 2024 ஏப்ரலில், ஓய்வு நேரம் குறைவது காயத்தைக் கூட்டும் என்று வீரர்கள் சங்கம் இதைக் கடுமையாக எழுப்பியது, லீக் மறுத்தது. ஆதரித்துப் பேசுகிறவர் இதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, வலியில் இருப்பவர்கள் சொல்கிற வார்த்தை அது. முழங்கைத் தசைநார் அறுவைகள் கடிகாரம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஏறிக்கொண்டிருந்தன என்பதையும், ஒவ்வொரு பந்தையும் முழு வேகத்தில் எறியும் பழக்கத்தையே லீகின் 2024 டிசம்பர் அறிக்கை பெரிதாகக் காட்டியது என்பதையும் நிதானமாகச் சொல்லுங்கள். கூடவே, அது லீக் தானே வெளியிட்ட அறிக்கை என்பதையும் சொல்லுங்கள். பிறகு 18 விநாடியை மறுபடி 20 ஆக்குவதில் உங்களுக்கு மறுப்பில்லை என்று விட்டுக்கொடுங்கள். அந்த இரண்டு விநாடியைக் கொடுத்தாலும் 2023இல் கிடைத்த 24 நிமிடம் உங்கள் பக்கம்தான் இருக்கும், ஏனென்றால் அந்த ஆண்டு ஓடியதே 20 விநாடிக் கடிகாரம்.