ஈமெயில் கேட்காத விண்டோஸ்

போன ஜூன் 15ஆம் தேதி காலை. தங்கச்சிமடத்தில் என் கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன், இறால் ஏலம் எடுக்கும் அக்கா ஒருவர் மடிக்கணினியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்து நின்றார். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் அது பீரோவுக்குள் கிடந்திருக்கிறது. விசைப்படகுகள் கடலுக்குக் கிளம்புகிற அன்று பழைய பாக்கிக் கணக்கைப் பார்க்கலாம் என்று திறந்தால், பின் நம்பர் மறந்துபோச்சு. மறந்துவிட்டதாகத் தட்டினால், துபாயில் இருக்கும் மகனின் போனுக்கு ஒரு எண்ணை அனுப்பியிருப்பதாகச் சொல்கிறது. மகனோ ராத்திரி ஷிஃப்ட் முடிந்து தூங்குகிறான்.

"தம்பி, வாங்குனது என் காசு. இதத் திறக்க அவன் எந்திரிக்கணுமா?"

நியாயமான கேள்விதான். விண்டோஸ் 11இன் ஹோம் பதிப்பு 2021இல் வந்ததிலிருந்தே, முதல்முறை போடும்போது இணையமும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் கேட்கிறது. மகன் தன் ஈமெயிலைக் கொடுத்து முடித்துவிட்டான். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் அவன் ஈமெயிலின் முதல் ஐந்து எழுத்துதான் பெயராக நிற்கும். பொட்டி அக்காவுடையது, பட்டா மகன் பெயரில்.

மத்தியானம் அவன் எழுந்து எண்ணைச் சொன்னான். உள்ளே போனதும், மகனின் கணக்கிலிருந்து பொட்டியைப் பிரிக்க நான் செய்தவற்றை அதே வரிசையில் சொல்கிறேன், ஏனென்றால் வரிசை மாறி ஒருமுறை நானே அடி வாங்கியிருக்கிறேன்.

முதலில் கோப்புகள். கணக்கோடு போட்ட கணினியில் டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் பெரும்பாலும் ஒன்டிரைவுக்குள், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையக் கிடங்குக்குள் போயிருக்கும். கோப்புக்குப் பக்கத்தில் மேகப் படம் இருந்தால் அது உங்கள் கணினியில் இல்லை, இணையத்தில்தான் இருக்கிறது. பச்சை டிக் இருந்தால் கையில் இருக்கிறது. மேகம் உள்ளவற்றை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். எல்லாம் இறங்கியபின் ஒரு பென்டிரைவிலும் நகல் எடுங்கள். அப்புறம்தான் ஒன்டிரைவை அன்லிங்க் செய்து கணினியிலிருந்து துண்டிக்க வேண்டும்.

அடுத்தது டிஸ்க் பூட்டு. இங்கேதான் நான் கவிழ்ந்தேன். இப்போது வரும் பல மடிக்கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்ததுமே டிஸ்க் தானாகப் பூட்டப்படும். அதைத் திறக்கும் 48 இலக்க எண் அந்தக் கணக்கில் போய் உட்காரும். அன்றாடம் இது கண்ணில் படாது. என் சொந்தக் கணினியின் மதர்போர்டை உப்புக் காற்று தின்றுவிட்டது. போர்டை மாற்றிப் போட்டுத் திறந்தால் நீலத் திரை, 48 இலக்கம் கொடு என்கிறது. எண் இருந்த ஈமெயிலை நானே மறந்து வருடங்களாகிவிட்டன. மகளின் முதல் நற்கருணைப் படங்கள் அந்த டிஸ்கில்தான் இருந்தன. டிஸ்க் இன்னும் என் மேசை டிராயரில் கிடக்கிறது, தூக்கிப் போட மனசு வரவில்லை.

அதனால் கணக்கை விடும் முன், 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' என்ற அந்த டிஸ்க் பூட்டு ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கின் இணையப் பக்கத்தில் டிவைசஸ் பகுதிக்குப் போய் 48 இலக்கத்தையும் காகிதத்தில் எழுதுங்கள், ஆறாறு எண்ணாக எட்டுக் கட்டு. வீட்டைவிட்டு நகராத மேசைக் கணினி என்றால் அந்தப் பூட்டை ஆஃப் செய்தே விடலாம் என்பது என் கட்சி. கையில் தூக்கிக்கொண்டு அலையும் மடிக்கணினிக்கு வேண்டாம். திருட்டுப் போனால் அந்தப் பூட்டுதான் காப்பாற்றும்.

இனி வேலை சுலபம். செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ. அங்கே 'சைன் இன் வித் எ லோக்கல் அக்கவுண்ட் இன்ஸ்டெட்' என்று ஒரு வரி இருக்கும். லோக்கல் கணக்கு என்றால் ஈமெயில் இல்லாமல் அந்தக் கணினிக்குள் மட்டும் இருக்கும் கணக்கு. தட்டினால் நிஜமாகவா என்று கேட்கும். ஆமாம் என்று போய், புதுப் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து வெளியே வந்தால் முடிந்தது. கோப்புகள் அப்படியே இருக்கும். ஃபோல்டரின் ஐந்தெழுத்துப் பெயர் மட்டும் மாறாது. அது உறுத்தினால் 'அதர் யூசர்ஸ்' வழியாக ஈமெயில் இல்லாத புது ஆளைச் சேர்த்து, அட்மினிஸ்ட்ரேட்டர் ஆக்கி, கோப்புகளை அங்கே மாற்றுங்கள்.

பாஸ்வேர்டோடு மூன்று பாதுகாப்புக் கேள்விகளும் வரலாம். அதில் ஒன்று, சின்ன வயசில் உன் பட்டப்பெயர் என்ன என்பது. கடற்கரை ஊரில் இதைக் கேட்டு என்ன பாதுகாப்பு? பட்டப்பெயர் சொன்னால்தான் இங்கே வீட்டுக்கு வழியே காட்டுவார்கள். பொய்யான பதிலைக் கொடுங்கள், ஆனால் எழுதிவையுங்கள். லோக்கல் கணக்கின் பாஸ்வேர்டும் பதிலும் மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் மீட்டுத் தர முடியாது.

கணினியையே புதிதாகப் போடுவதானால் விண்டோஸ் போடும் பென்டிரைவைத் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற இலவச மென்பொருளைத்தான் நான் நம்புகிறேன். விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஐஎஸ்ஓ கோப்பு 5 ஜிபிக்கு மேல் இருக்கும், ராத்திரி இறக்கிக்கொள்ளுங்கள். 8 ஜிபி பென்டிரைவ் போதும், அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். ஸ்டார்ட் கொடுத்ததும் ஒரு பெட்டி வரும். அதில் ஆன்லைன் கணக்குத் தேவையை நீக்கும் வரியை டிக் செய்து, கீழே லோக்கல் பெயரையும் எழுதிவிடுங்கள். பெயர் ஆங்கில எழுத்தில், இடைவெளி இல்லாமல் இருந்தால் பழைய மென்பொருள்கள் தகராறு செய்யாது. போட்டு முடியும்வரை வைஃபை பக்கமே போகக் கூடாது. கணக்குக் கேட்பதைத் தாண்ட, ஷிஃப்ட், எஃப்10 அழுத்திக் கட்டளை அடிக்கும் குறுக்குவழிகளும் உண்டு. 2025இலிருந்து மைக்ரோசாஃப்ட் சோதனைப் பதிப்புகளில் அவற்றை ஒவ்வொன்றாக அடைத்துவருவதால் நான் விட்டுவிட்டேன். புரோ பதிப்பு என்றால் வேலை அல்லது பள்ளிக்கு என்பதைத் தேர்ந்து, சைன் இன் ஆப்ஷன்ஸில் 'டொமைன் ஜாய்ன் இன்ஸ்டெட்' கொடுத்தால் போதும்.

கணக்கை விட்டால் அப்டேட் வராதா, லைசன்ஸ் போய்விடுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. விண்டோஸோடு வாங்கிய மடிக்கணினியின் லைசன்ஸ் மெஷினோடு சேர்ந்தது. வைரஸ் காவலும் ஓடும். தொலைந்த கணினியை வரைபடத்தில் தேடும் வசதி போகும். ஒன்டிரைவின் இலவச 5 ஜிபியும் கணக்கு இருந்தால்தான். வேர்ட், எக்செல் அடங்கிய சந்தாவான மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருந்தால் அதற்குள் நுழையும்போது, இந்த ஆப்புக்கு மட்டும் என்ற வரியைத் தேடித் தட்டுங்கள். அவசரத்தில் ஓகே அடித்தால் விரட்டிய கணக்கு பின்வாசல் வழியாக வந்துவிடும்.

அக்காவுக்கு எக்செல் கோப்பைத் திறக்கும் இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸ் போட்டுக் கொடுத்தேன். பழைய எக்செல் கோப்பு திறந்ததா என்று பார்க்காமல் நகரமாட்டேன் என்றார். திறந்தது. ஏல நோட்டின் கடைசிப் பக்கத்தில் பாஸ்வேர்டையும் 48 இலக்கத்தையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார். பட்டப்பெயர் கேள்விக்கு என்ன பதில் கொடுத்தார் என்று எனக்குத் தெரியாது. என்னைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத்தான் அடித்தார்.