வாரத்துக்கு எத்தனை நாள் உடற்பயிற்சி? கணக்கில் நாம் செய்யும் தவறுகள்

மொரிசியஸின் காத்ர் போர்ன் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு மாமா ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். சர்க்கரை கூடிவிட்டது, நடங்கள் என்று டாக்டர் சொன்னதிலிருந்து, சமையலறைக் காலண்டரில் நடந்த நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு வருகிறார். ஒருநாள் டீ குடிக்கப் போனபோது அந்தக் காலண்டரைப் பார்த்தேன். சனி, ஞாயிறு இரண்டு வரிசையிலும் மேலிருந்து கீழ்வரை வட்டம். மற்ற ஐந்து வரிசையும் வெள்ளை வெளேர்.

"ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், டீச்சர். வாரத்துக்கு மூன்று மணி நேரம் ஆகிவிடுகிறதே, போதாதா?" என்றார்.

கூட்டிப் பார்த்தால் போதும்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி என்கிறது. ஓட்டம் போலக் கடுமையாகச் செய்பவர்களுக்கு 75 முதல் 150 நிமிடம். மாமாவின் கணக்கு 180. ஆனால் அவருக்கு இருப்பது சர்க்கரை நோய். அங்கேதான் கூட்டல் கணக்கு காலை வாருகிறது.

நடக்கும்போது தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துக்கொள்கிறது. நடந்து முடித்த பிறகும் இன்சுலின் கொஞ்ச காலம் வழக்கத்தைவிட நன்றாக வேலை செய்யும். அந்தக் 'கொஞ்ச காலம்' ஒரு நாளிலிருந்து மூன்று நாள் வரைதான். ஞாயிற்றுக்கிழமை நடையின் பலன் புதன்கிழமைக்குள் கரைந்துவிடும். வியாழனும் வெள்ளியும் உடம்புக்கு நடக்காத நாட்களே. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்கக் கூடாது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மொரிசியஸில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குச் சர்க்கரை. ஆகவே நம் வீடுகளில் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை நாள் நடந்தீர்கள் என்பதைவிட, நடுவில் எத்தனை நாள் விட்டீர்கள் என்பதுதான்.

சர்க்கரை இல்லாதவர்கள், வார நாட்களில் நேரமே கிடைக்காதவர்கள், இதைப் படித்துவிட்டு சனிக்கிழமை நடையையும் நிறுத்திவிட வேண்டாம். பிரிட்டனில் ஏறத்தாழ 90,000 பேரின் மணிக்கட்டில் கருவி கட்டி அளந்த ஓர் ஆய்வு 2023-இல் வந்தது. வாரப் பயிற்சியில் பாதிக்கு மேல் ஒன்றிரண்டு நாளில் முடித்தவர்களுக்கும், நாள்தோறும் பிரித்துச் செய்தவர்களுக்கும் மாரடைப்பும் பக்கவாதமும் ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருந்தன. இரண்டு நாள் என்பது சும்மா இருப்பதைவிட எவ்வளவோ மேல்.

அடுத்த தவறு, நிமிடத்தை மட்டும் எண்ணி மூச்சை மறந்துவிடுவது. க்யூர்பிப்பில் த்ரூ ஓ செர்ஃப் எரிமலைப் பள்ளத்தைச் சுற்றி ஒரு தார்ச்சாலை இருக்கிறது. ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். விடியற்காலைப் பனிமூட்டத்தில் அங்கே போய்ப் பாருங்கள். நால்வர் ஐவராகக் கைகோத்தபடி, மருமகள் கதையிலிருந்து மெட்ரோ கதை வரை பேசிக்கொண்டு ஊர்ந்து போவார்கள். பேசுவது தவறில்லை, பேச முடிய வேண்டும். ஆனால் பாட முடியக் கூடாது. ஒரு முருகன் பாட்டை நடுவில் மூச்சு வாங்காமல் முழுதாகப் பாட முடிகிறதென்றால் வேகம் போதவில்லை. இரண்டு வார்த்தை பேசவே திணறினால் அது கடுமையான பயிற்சி. இவை இரண்டுக்கும் இடைப்பட்டதுதான் மிதமான வேகம். இதற்குக் கைக்கடிகாரமும் வேண்டாம், ஆப்பும் வேண்டாம்.

ஒரேயடியாக முப்பது நிமிடம் நடந்தால்தான் கணக்கு என்று நினைப்பவர்களும் உண்டு. குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2010 பரிந்துரையில் இருந்தது உண்மை. 2020-இல் அதை எடுத்துவிட்டார்கள். கோர் த கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குப் படியேறுவதும் கணக்கில் சேரும். ஞாயிறு மதியம் பிரியாணி சாப்பிட்டதும் சோபாவில் சாயாமல் பதினைந்து நிமிடம் தெருவில் நடந்துவிட்டு வந்தால், சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறையும். இந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி எடுத்து வைக்க வேண்டும் என்ற கணக்கைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அது மருத்துவர்கள் வகுத்த எண் இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயர் அது. வயதான பெண்களிடம் பின்னாளில் நடந்த ஓர் ஆய்வில், சுமார் 7,500 அடியோடு பலன் ஏறுவது நின்றுவிட்டது. இரவு பதினொரு மணிக்கு ஃபோனைக் கையில் வைத்துக் குலுக்கி எண்ணை நிரப்பும் என் தங்கைக்காக இதை எழுதி வைக்கிறேன்.

"நாள் பூராவும் வேலைதானே செய்கிறேன், தனியாக உடற்பயிற்சி எதற்கு?" என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழும். என்ன வேலை என்று பார்க்க வேண்டும். ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ ஆராய்ச்சியாளர் லண்டன் மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. ஒரே பஸ், ஒரே சாலை. இதை மாமாவிடம் சொன்னபோது சிறிது நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "என் கண்டக்டர் இன்னும் பைசிக்கிளில்தான் வருகிறான், தெரியுமா?" என்றார்.

நடையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், தசையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்னைக் கேட்டால் நம்மவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான், பெண்கள் இன்னும் அதிகமாகச் செய்வது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அதே 2020 பரிந்துரை, வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது. சாப்பாட்டுச் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைக்கும் கிடங்கு தசைதான். வயதோடு தசை கரைந்தால் கிடங்கும் சுருங்கும். இதற்காக ஜிம்முக்குப் போக வேண்டியதில்லை. கைப்பிடியில்லாத நாற்காலியில் உட்கார்ந்து, கையை மார்பில் கட்டிக்கொண்டு, எழுந்து உட்காருங்கள், பத்து முறை. சுவரில் கை ஊன்றித் தள்ளுங்கள், பத்து முறை. சந்தையிலிருந்து வரும்போது இரண்டு பையையும் நீங்களே தூக்கி வாருங்கள். அறுபத்தைந்து தாண்டியவர்கள், வாரத்தில் மூன்று நாளாவது ஒற்றைக் காலில் நிற்பது போன்ற சமநிலைப் பயிற்சியும் சேர்க்க வேண்டும், பக்கத்தில் பிடித்துக்கொள்ள மேசை இருக்கட்டும்.

இதிலும் ஆசை மிஞ்சினால் ஆபத்து. ஒரு ஜனவரியில் நான் வீராப்பாக ஜிம்மில் சேர்ந்து, ஐந்து நாளும் விடாமல் கால் பயிற்சி செய்தேன். முழங்கால் வீங்கி ஆறு வாரம் நொண்டினேன். தசை தேய்ந்து, ஆறி, பிறகுதான் வலுக்கும். ஒரே தசைக்கு நடுவில் ஒரு நாளாவது ஓய்வு தேவை. மறுநாளைவிட அதற்கடுத்த நாள் வலி கூடுவது இயல்பு, பயப்பட வேண்டாம். மூட்டு வீங்கினால் மட்டும் நிறுத்துங்கள்.

அப்புறம் காவடி. தைப்பூசம் நமக்குக் கடும் கோடையில் வருகிறது. ஆண்டு முழுக்க உட்கார்ந்தே இருந்துவிட்டு, பத்து நாள் விரதம் இருந்து, அன்றைக்கு வெறுங்காலில் கொதிக்கும் தார்ச்சாலையில் மணிக்கணக்காக நடப்பது உடம்புக்கு வைக்கிற பெரிய சோதனை. பக்தியைப் பற்றிச் சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் நவம்பரிலேயே நடக்கத் தொடங்குங்கள், வாரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்களுக்குக் கொப்புளம் விழுந்தாலும் தெரியாது. அன்று மாலையும் மறுநாளும் பாதத்தைத் திருப்பிப் பார்க்க வீட்டில் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களுக்கு, விரதத்தோடு நடையும் சேர்ந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கக்கூடும். விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் அளவைக் கேட்டுவிடுவது நல்லது. நடக்கும்போது மார்பு இறுகினாலோ கண் இருண்டாலோ, வரிசையில் நம் முறை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே உட்காருங்கள், உதவிக்குக் கூப்பிடுங்கள்.

மாமா இப்போது செவ்வாய், வியாழனிலும் அரை மணி நேரம் நடக்கிறார், ஞாயிறு நடையைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். போன புயலில் மூன்றாம் நிலை எச்சரிக்கை வந்து எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தோம். அன்று செவ்வாய்க்கிழமை. காற்று ஓய்ந்த பிறகு போய்ப் பார்த்தால், காலண்டரில் அன்றைக்கும் வட்டம். "ஹாலில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் பதினான்கு அடி, டீச்சர். அத்தைதான் தலை சுற்றுகிறது என்று திட்டினாள்."