நகத்தைப் பக்கவாட்டில் பாருங்கள்

சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில் தாதியாக இருக்கிறேன். நாள்பட்ட இருமலோடு யார் வந்தாலும், விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டும் முன், கிளப்பிங் இருக்கிறதா என்று நகத்தைப் பார்த்துவிடுவேன். நுரையீரல், இதய நோய்களில் விரல் நுனி பருத்து நகம் வளைவதுதான் கிளப்பிங். வீட்டுப் பெரியவர்களுக்கு இதை நீங்களே பார்க்கலாம்.

மேலிருந்து பார்த்தால் தெரியாது. ஆள்காட்டி விரலைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பக்கவாட்டில் பாருங்கள். தோல் முடிந்து நகம் தொடங்கும் இடத்தில் சின்னப் பள்ளம் இருக்க வேண்டும். அந்தக் கோணம் சாதாரணமாக 160 பாகை அளவில் இருக்கும். பள்ளம் தூர்ந்து கோணம் 180 பாகையைத் தாண்டினால் அது கிளப்பிங். நகத்தின் அடியை மெல்ல அழுத்துங்கள். கிளப்பிங் இருந்தால், எலும்பில் பதிந்த உறுதி இல்லாமல் பஞ்சுமேல் இருப்பதுபோல் அமுங்கும். அப்புறம் இரண்டு கை ஆள்காட்டி விரல்களையும் மடக்கி, நகத்தோடு நகம் ஒட்டி வையுங்கள். சாதாரணமாக நடுவில் டைமண்ட் வடிவில் சிறு இடைவெளி தெரியும். அது மறைந்திருந்தால் சந்தேகம் வலுக்கிறது. தென்னாப்பிரிக்க இதய மருத்துவர் ஷாம்ரோத், தமக்கே இதய வால்வில் கிருமித் தொற்று வந்தபோது தம் விரல்களில் கவனித்து 1976இல் எழுதிய சோதனை இது.

“கப்பல் பட்டறையில் உழைச்ச கை மிஸ்ஸி, அப்படித்தான் இருக்கும்” என்றார் ஒரு பெரியவர். கூட வந்த மனைவி, “இல்லை மிஸ்ஸி, போன தீபாவளி வரைக்கும் நகவெட்டி ஒழுங்காப் பிடிச்சது. இப்ப நகம் வளைஞ்சுகிட்டு நழுவுது” என்றார். அந்த அம்மா சொன்னதுதான் மருத்துவருக்கு வேண்டிய தகவல். பிறந்ததிலிருந்தே இப்படி, அப்பாவுக்கும் இப்படி என்றால் பரம்பரையாக இருக்கலாம். புதிதாக வந்தது என்றால் காரணத்தைத் தேடியே ஆக வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது? எலும்பு மஜ்ஜையில் உருவாகும் மெகாகேரியோசைட் என்ற பெரிய அணுக்களில் ஒரு பகுதி வழக்கமாக நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கி, உடைந்து, ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்டுகளாகும். நுரையீரல் கெட்டிருந்தாலோ, பிறவி இதயக் கோளாறால் ரத்தம் நுரையீரலுக்குள் போகாமல் சுற்றிக்கொண்டு போனாலோ, அவை உடையாமல் விரல் நுனிவரை வந்து தங்கி வளர்ச்சிப் பொருள்களை வெளிவிடுகின்றன. அதனால் அங்கே ரத்தக்குழாய்களும் திசுவும் பெருகுகின்றன. டிக்கின்சனும் மார்ட்டினும் 1987இல் முன்வைத்த இந்த விளக்கத்தைத்தான் இன்றும் பலர் ஏற்கிறார்கள். பரம்பரை வகைக்கு வேறொரு வழி உண்டு: புராஸ்டாகிளாண்டின் இ2 என்ற பொருளைச் சிதைக்கும் நொதியின் மரபணுவில் உள்ள பழுது. அது 2008இல் தெரியவந்தது.

காரணங்களில் நான் முதலில் பயப்படுவது நுரையீரல் புற்றுநோய்க்கு. நுரையீரல் தழும்பேறுவது, சீழ்க்கட்டி, மூச்சுக்குழாய் நிரந்தரமாக விரிந்துபோவது ஆகியவையும் உண்டு. இளவயதில் காசநோய் வந்து குணமான நம் பெரியவர்களிடம் இந்தக் கடைசி வகையை நினைவில் வைக்க வேண்டும். கல்லீரல் சுருக்கம், குரோன்ஸ் என்ற குடல் அழற்சி, தைராய்டு கோளாறு ஆகியவற்றிலும் சில சமயம் வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். சிகரெட்டால் வரும் நாள்பட்ட மூச்சடைப்பு நோய் (சிஓபிடி) மட்டும் இருந்தால் கிளப்பிங் வராது. “அவருக்குத்தான் ஏற்கெனவே சிஓபிடி இருக்கிறதே, அதனால்தான்” என்று வீட்டில் தேற்றிக்கொள்ளாதீர்கள். அந்த நோயாளிக்கு நகம் மாறினால் மார்பு எக்ஸ்ரே சீக்கிரம் வேண்டும்.

ஒரு கையில் மட்டும் இருந்தால் அந்தக் கையின் ரத்தக்குழாயைப் பார்ப்பார்கள். டயாலிசிஸுக்காகக் குழாய் இணைத்த கையிலும் இப்படி வரலாம். காலையும் பாருங்கள், சில இதயக் கோளாறுகளில் கால் விரல்களில் மட்டும்தான் தெரியும்.

மருந்தகத்துக்கு வரும்போது எப்போதிலிருந்து மாற்றம், எடை குறைந்ததா, சளியில் ரத்தம் உண்டா என்று குறித்துக்கொண்டு வாருங்கள். மூச்சு வாங்கினாலோ, ரத்தம் நிறைய வந்தாலோ காத்திருக்காமல் 995ஐ அழையுங்கள். விரலைப் பக்கவாட்டில் ஒரு படமும் எடுத்து வையுங்கள். காரணமான நோய் குணமானால் நகம் பழைய நிலைக்குத் திரும்புவதுண்டு, அதை ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் படம் உதவும்.